"ஏற்கெனவே" என்ற சொல்லுக்குள் இருக்கும் சாதி

குப்பை மாற்று நிலையம் ஒன்றை விரிவாக்கப் போகிறோம் என்று எந்த நகராட்சி அறிவித்தாலும் அதன் பேச்சில் ஒரு சொல் தவறாமல் வரும். "ஏற்கெனவே." ஏற்கெனவே அங்கே நிலையம் இருக்கிறது. ஏற்கெனவே அந்தத் தெருவில் லாரி போகிறது. ஏற்கெனவே நிலம் நம் கையில் இருக்கிறது. ஆகவே புதிதாக யாருக்கும் பாதிப்பில்லை.

சுற்றுச்சூழல் ஆய்வு என்ற பெயரில் நடக்கும் மொத்த வேலையும் இந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான் நிற்கிறது என்கிறோம் நாங்கள். அந்தச் சொல்லைத் திறந்து பார்த்தால் உள்ளே சாதி இருக்கிறது. ஏற்கெனவே அங்கே ஏன் வந்தது? யார் தெருவில் வந்தது? யார் அனுமதித்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்காத எந்த ஆய்வும் பழைய அநீதிக்குப் புதிய முத்திரை குத்துகிறது, அவ்வளவுதான்.

கண்ணில் படாத இடைநிறுத்தம்

குப்பைக் கிடங்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி. கோவையில் வெள்ளலூர். 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்தபோது தொலைக்காட்சிகள் வந்தன. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் எரிந்தபோதும் வந்தன. மாற்று நிலையத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. அது எரிவதில்லை. ஊறுகிறது.

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வீடு வீடாகப் போகும் பேட்டரி வண்டிகள் அத்தனை தூரம் ஓடிக் கிடங்கில் கொட்ட முடியாது. அதனால் நடுவில் ஓரிடத்தில் கொட்டுகின்றன. அங்கே குப்பையை காம்பாக்டரில் அமுக்கி, பெரிய லாரியில் ஏற்றி, கிடங்குக்கு அனுப்புகிறார்கள். இந்த இடம்தான் மாற்று நிலையம். சில மணி நேரம்தான் குப்பை அங்கே தங்கும் என்பார்கள். ஒரு லோடு போனதும் அடுத்த லோடு வந்துவிடுவதால் அந்தச் சில மணி நேரம் ஒருநாளும் முடிவதில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். அமுக்கும்போது வடியும் கறுப்புத் தண்ணீர் தரையில் ஓடி, மழை வந்தால் தெருவுக்கு வரும். ஈ வரும், எலி வரும், நாய் வரும்.

நாங்கள் வேலை செய்த ஊர்களில் பார்த்தவரை, இந்த நிலையங்கள் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் கால்வாய் ஓரத்தில், இல்லையென்றால் தூய்மைப் பணியாளர் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி. அதாவது சேரிக்குப் பக்கத்தில். ஊர் தனி, சேரி தனி என்று பிரித்த கோடு நகரத்தில் மறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் ஒரு வாரம் குப்பை வண்டியின் பின்னால் போய்ப் பார்க்கட்டும். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பது வண்டிக்குத் தெரியும்.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 செப்டம்பர் 14 அறிவிக்கைதான் இந்த விஷயத்தில் நம் நாட்டின் அடிப்படை ஆவணம். எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று அதன் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் பொது நகரத் திடக்கழிவு மேலாண்மை வளாகம் என்று ஓர் இனம் உண்டு. மாற்று நிலையம் என்று தனியாக ஓர் இனம் கிடையாது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை எடுங்கள். மாற்று நிலையம் என்றால் என்ன என்று அதில் வரையறை இருந்தது. குப்பையைப் புதைக்கும் இடம் குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், குளத்திலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் என்றெல்லாம் அதே விதிகள் அளந்து சொல்லின. மாற்று நிலையத்துக்கு மட்டும் அப்படி ஒரு தூரத்தை அளந்து சொல்லவில்லை. குளத்துக்கும் ஆற்றுக்கும் மீட்டர் கணக்கு இருந்தது. மாற்று நிலையத்தின் சுவரோடு சுவராகப் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கு இருக்கவில்லை.

இதற்கு மேல் "விரிவாக்கம்" என்ற தந்திரம். புதிய திட்டத்தைவிட விரிவாக்கத்துக்கு அறிவிக்கை நெகிழ்வாக வழி விடுகிறது. முழு மதிப்பீடும் கருத்துக்கேட்பும் தேவையா இல்லையா என்பதை நிபுணர் குழுவே முடிவு செய்யலாம். நிபுணர் குழுவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முதலில் சிறியதாகக் கட்டு, யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கு, "ஏற்கெனவே" என்று சொல். நூறு டன் இருநூறு ஆகும், இருநூறு நானூறு ஆகும். எந்த ஒரு படியும் தனியாகப் பார்த்தால் பெரியதாகத் தெரியாது.

அளவுகோலை யார் வைத்திருக்கிறார்கள்?

மாணவத் தோழர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். அறிக்கைகள் நம்மை ஏமாற்றுவது பொய் சொல்லி அல்ல. கணக்குப் போட்டுத்தான்.

தாக்க மதிப்பீட்டில் முதல் வேலை "அடிப்படை நிலை"யை அளப்பது. திட்டம் வருவதற்கு முன் காற்று எப்படி, தண்ணீர் எப்படி, இரைச்சல் எவ்வளவு என்று அளப்பார்கள். பிறகு திட்டத்தால் எவ்வளவு கூடும் என்று மதிப்பிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருடமாக ஒரு மாற்று நிலையம் ஓடிக்கொண்டிருக்கும் தெருவில் போய் இன்றைக்குக் காற்றை அளந்தால், அந்த இருபது வருடத் தூசியும் "அடிப்படை" ஆகிவிடுகிறது. நம் பிள்ளைகளின் இருமல் அந்த இடத்தின் இயற்கை ஆகிவிடுகிறது. பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். நம் துன்பத்துக்கு மேலே வைக்கிறார்கள்.

காற்றில் கலந்திருக்கும் பி.எம்.10 தூசிக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஒரு தெருவில் இப்போது 95 இருக்கிறது, விரிவாக்கத்தால் 4 கூடும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 99. வரம்புக்குள் இருக்கிறது, அனுமதி கொடு என்பார்கள். இன்னொரு தெருவில் இப்போதே 130 இருக்கிறது. அங்கே என்ன சொல்வார்கள்? இந்தப் பகுதி ஏற்கெனவே மாசுபட்டது, எங்கள் பங்கு வெறும் 4 என்பார்கள். அங்கேயும் அனுமதி. சொல்லுங்கள் தோழர்களே, எந்த எண் வந்தால் "இங்கே வேண்டாம்" என்ற விடை கிடைக்கும்?

வண்டிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 டன் கையாளும் நிலையம். அரை டன் ஏற்றும் சிறு வண்டிகள் 200 முறை வர வேண்டும், 200 முறை திரும்பிப் போக வேண்டும். 10 டன் லாரி 10 முறை வந்து 10 முறை போகும். மொத்தம் 420 ஓட்டம். 12 மணி நேரத்தில் பிரித்தால் மணிக்கு 35. அதை 200 டன்னாக விரிவாக்கினால் 840 ஓட்டம், மணிக்கு 70. ஒரு நிமிடத்துக்கு ஒரு வண்டிக்கு மேல் ஒரே சந்தில். "சாலையின் கொள்ளளவுக்கு உட்பட்டது" என்று அறிக்கை எழுதும். அந்தச் சாலையில்தான் நம் பெண்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பது கொள்ளளவில் வராது.

பிறகு நாற்றம். தேசியக் காற்றுத் தர வரையறையில் 12 மாசுப் பொருள்கள் இருக்கின்றன. அம்மோனியா இருக்கிறது, ஈயம் இருக்கிறது. நாற்றத்துக்கு வரம்பு இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் பள்ளிக்குச் சுமந்து போவது நாற்றத்தைத்தான். அந்தத் தெருப் பெயரைச் சொன்னதும் பெஞ்சில் தள்ளி உட்காரும் பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. வேலைக்குப் போன இடத்தில் முகவரி கேட்டுவிட்டு முகம் மாறுவது வரை அது தொடர்கிறது. தீண்டாமை எப்போதும் மூக்கின் வழியாகப் பேசியிருக்கிறது. "சுத்தமில்லாதவர்கள்" என்று முதலில் சொன்னார்கள். பிறகு தங்கள் அசுத்தத்தை எல்லாம் கொண்டுவந்து நம் வாசலில் கொட்டி, சொன்னதை உண்மையாக்கினார்கள்.

பத்து கிலோமீட்டர் வட்டம்

சமூக நிலை பற்றியும் அறிக்கையில் ஓர் அத்தியாயம் இருக்கும். திட்ட இடத்தைச் சுற்றி வழக்கமாக 10 கிலோமீட்டர் வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர், எத்தனை சதவீதம் பட்டியல் சாதியினர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஓர் அட்டவணையை எடுத்து ஒட்டுவார்கள்.

சென்னை போன்ற நகரத்தில் 10 கிலோமீட்டர் வட்டம் என்றால் பாதி நகரம் உள்ளே வந்துவிடும். மதில் ஓரத்தில் இருக்கும் நம் 300 குடும்பமும், எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுக்குமாடியும் ஒரே சராசரியில் கரைந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் சுமார் 20 சதவீதம். வட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க எந்த எண்ணும் இந்த மாநிலச் சராசரியை நோக்கி நகரும். பிறகு "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதிவிடலாம்.

அதே வட்டத்தை 500 மீட்டராகச் சுருக்குங்கள். 200 மீட்டராகச் சுருக்குங்கள். அப்போது தெரியும் யார் இருக்கிறார்கள் என்று. சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்கிறோம்: அலகை மாற்றினால் உண்மை மாறித் தெரியும் என்று வகுப்பில் படிக்கிறீர்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அந்த 200 மீட்டருக்குள்ளும் நம்மை மறைக்க வழி இருக்கிறது. பட்டா இல்லாத வீடுகள் வரைபடத்தில் வீடுகள் அல்ல. "அரசு புறம்போக்கு" என்று நிறம் தீட்டியிருப்பார்கள். மூன்று தலைமுறையாக மின்சாரக் கட்டணம் கட்டிய குடும்பம் அறிக்கையில் காலி மனையாகக் கிடக்கும்.

கையெழுத்துப் போட்டால் குற்றம் இல்லையா?

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குத் தெரியும். 2015 திருத்தத்துக்குப் பிறகு அதன் 3(1) பிரிவின் முதல் சில உட்பிரிவுகளை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் வசிக்கும் இடத்திலோ அதன் வாசலிலோ மலம், சாக்கடைக் கழிவு, செத்த விலங்கு அல்லது அருவருப்பான பொருளைக் கொட்டுவது குற்றம். அவமதிக்கவோ துன்புறுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர் வாழும் சுற்றுப்புறத்தில் கழிவைக் கொட்டுவதும் குற்றம்.

சுற்றுப்புறம் என்று சட்டமே சொல்கிறது. ஒரு ஆதிக்க சாதிக்காரன் ஒரு வாளிக் குப்பையைச் சேரித் தெருவில் கொட்டினால் வழக்குப் போடலாம். ஒரு நிர்வாகம் தினம் 200 டன் கொட்டினால் அது டெண்டர். நோக்கம் இல்லை என்பார்கள். எந்த அதிகாரியும் மனத்தில் வன்மம் வைத்துக் கையெழுத்துப் போடவில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் மாற்று இடங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் "எதிர்ப்பு வராத" இடத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களே, எதிர்ப்பு எங்கே வராது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? சாதி தனிமனிதர்களின் வன்மத்தில் மட்டும் வாழ்வதில்லை. கோப்பில் வாழ்கிறது. நிலமதிப்பில் வாழ்கிறது. வன்மமே தேவையில்லாமல் நடக்கும் அளவுக்கு அது பழகிப்போயிருக்கிறது.

அவர்கள் கேட்கும் கேள்விகள்

"நிலம் மலிவாக இருந்தது, அதனால் அங்கே கட்டினோம். சாதி எங்கே வந்தது?" நிலம் ஏன் மலிவாக இருந்தது? பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் இந்த நாட்டில் நிலத்துக்கு விலை வைக்கிறார்கள்.

"நிலையம் வந்த பிறகுதான் மக்கள் வந்து குடியேறினார்கள்." சில இடங்களில் உண்மைதான். யார் கொண்டுவந்து விட்டது? நகரத்தின் நடுவிலிருந்து நம் மக்களைப் பெயர்த்து எடுத்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது அரசுதானே? நல்ல இடத்தில் இருந்தால் ஆக்கிரமிப்பு, மோசமான இடத்தில் இருந்தால் விருப்பத் தேர்வா?

"உங்கள் மக்களுக்கு வேலை கிடைக்குமே." இந்த வாதத்தைத்தான் நாங்கள் அதிகம் வெறுக்கிறோம். அள்ளுவதும் நாம், அள்ளியதற்குப் பக்கத்தில் படுப்பதும் நாம். அந்த வேலையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. குப்பையை அகற்றுவதில் காட்டாத வேகத்தைக் குப்பை அள்ளுபவர்களை அகற்றுவதில் காட்டினார்கள்.

"அப்படியானால் குப்பையை எங்கேதான் போடுவது?" நல்ல கேள்வி. விடை அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் எந்த இடமும் மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்றன 2016 விதிகள். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களும் நிறுவனங்களும் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்றன. மக்கும் குப்பைதான் ஊறும், நாறும், கறுப்புத் தண்ணீர் விடும். அது அந்தந்த வளாகத்திலேயே மண்ணானால் மாற்று நிலையத்தை விரிவாக்கவே வேண்டாம், சுருக்கலாம். ஏன் நடப்பதில்லை? தங்கள் மீன் முள்ளும் சாம்பார்க் கரண்டியில் மிஞ்சியதும் தங்கள் மதிலுக்குள் மக்குவதை அவர்கள் மூக்கு பொறுக்காது. நம் மூக்கு பொறுக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். விரிவாக்கத்தின் ஒவ்வொரு டன்னும் எங்கோ ஒரு வளாகம் செய்ய மறுத்த கடமை.

வேறிடத்தில் முடிந்திருக்கிறது

இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்களுக்கு நியூயார்க்கைச் சொல்கிறோம். அந்த நகரத்தின் தனியார் மாற்று நிலையங்கள் பெரும்பாலும் தெற்கு பிராங்க்ஸ், வடக்கு புரூக்ளின், தென்கிழக்கு குயின்ஸ் பகுதிகளில் குவிந்திருந்தன. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் உழைக்கும் குடும்பங்களும் வாழும் பகுதிகள். அங்குள்ள மக்கள் பல ஆண்டு போராடினார்கள். இன்னும் ஒரு வடிகட்டி பொருத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் பங்குக்கு மேல் ஏன் சுமக்கிறோம் என்று கேட்டார்கள். 2018இல் நகர மன்றம் சட்டம் இயற்றியது. வடக்கு புரூக்ளினில் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு பாதியாகவும், மற்ற இரண்டு பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கும் குறைக்கப்பட வேண்டும் என்றது. "ஏற்கெனவே இருக்கிறது" என்பது விரிவாக்கத்துக்குக் காரணம் அல்ல, குறைப்பதற்குத்தான் காரணம் என்று ஒரு நகரம் ஒப்புக்கொண்டது.

அங்கே நிறத்தைக் கணக்கில் எடுத்தார்கள். இங்கே 2006 அறிவிக்கையின் விண்ணப்பப் படிவம் மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டுத் தலம் அருகில் உண்டா என்று கேட்கிறது. சேரி அருகில் உண்டா என்று கேட்பதில்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

கோபம் போதாது. உங்கள் ஊரில் விரிவாக்கம் என்று செய்தி வந்தால் உடனே இவற்றைச் செய்யுங்கள்.

எந்த அனுமதியின் கீழ் வருகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த அனுமதியும் இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்கள் முதல் ஆதாரம்.

மதிலிலிருந்து 500 மீட்டருக்கு நீங்களே வரைபடம் போடுங்கள். பட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒவ்வொரு வீட்டையும் குறியுங்கள். எந்தச் சமூகம், எத்தனை வருடம், எத்தனை குழந்தைகள் என்று எழுதுங்கள்.

காலை முதல் இரவு வரை முறை வைத்து உட்கார்ந்து வண்டிகளை எண்ணுங்கள். ஒரு மாதம் நாற்றக் குறிப்பேடு வையுங்கள்: நாள், நேரம், காற்று அடித்த திசை, எந்த வீட்டில் சமைக்க முடியவில்லை. அவர்களிடம் வரம்பு இல்லையென்றால் நம்மிடம் பதிவாவது இருக்கட்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடத்திவிட்டுப் போவார்கள். ஆகவே காலை வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்து விளக்கி, அன்றைக்கே மாவட்ட ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. வாசிக்காமல் எழுந்து போக விடாதீர்கள். நாங்கள் போன கூட்டங்களில் நம் மக்கள் ஒரு மணி நேரம் பேசியது குறிப்பில் "துர்நாற்றம் குறித்துச் சிலர் கேட்டனர்" என்று ஒரே வரியாகச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறோம். அந்த இடத்திலேயே நிறுத்தி, சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொல்லுங்கள். எழுத்து மனுவைத் தனியாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நிலையத்தில் வேலை செய்யும் பணியாளர்களையும் பேச வையுங்கள். அவர்களுக்கும் குடியிருப்புக்கும் நடுவே சண்டை மூட்டுவது நிர்வாகத்தின் பழைய வழக்கம்.

சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கும். காலெண்டரில் குறித்து வையுங்கள்.

கோரிக்கையையும் தெளிவாக வையுங்கள். மாற்று நிலையத்தின் ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் முழு மதிப்பீடும் கருத்துக்கேட்பும் கட்டாயம். நிலையம் வருவதற்கு முன் அந்தத் தெரு எப்படி இருந்ததோ அதுவே அடிப்படை நிலை. 500 மீட்டருக்குள் வாழும் மக்களின் சாதி விவரம் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும். நகரத்தின் எல்லா மண்டலங்களும் தங்கள் பங்கைச் சுமக்க வேண்டும். ஏற்கெனவே சுமப்பவர்கள் மேல் இனி ஒரு டன்கூட ஏற்றக் கூடாது.

"உங்கள் கொல்லையில் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேலி பேசுவார்கள். கொல்லை வைத்திருப்பவர்களின் பேச்சு அது. நமக்கு இருப்பது ஒரு தெரு. அதில் எங்கள் பங்குக் குப்பையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்களுடையதை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெய் பீம்.